விளக்கூரா, மாட்டூரா

"...கால்ல பலகையக் கட்டிக்கிட்டு, தங்கச்சி! பலகைய! ஆளவிட நீளமா ஒரு பலகை இந்தக் காலுக்கு, ஒண்ணு அந்தக் காலுக்கு. கட்டிக்கிட்டு மலை உச்சிக்கு ஏறி, அங்கேருந்து சர்ருன்னு எறங்குறதாம். எறங்கி? திரும்ப ஏறுறதாம். ஏறி? திரும்ப எறங்குறதாம்லா! இதுக்குக் கப்பலேறிப் போறாங்க. நம்மாளு கித்தாத் தோட்டத்து மலையில பால் வாளியக் காண்டாக் கம்புல மாட்டித் தூக்கிக்கிட்டு தெனந்தெனம் ஏறி எறங்குறான், அவனுக்கு எவன் படம் புடிச்சுப் பொஸ்தகம் போட்டான்?"

ரயில் ஈப்போவை விட்டு நகரும் முன்பே ரோசரி பேச ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிர்ப்பலகையில் கோழிக்கூடையோடு வந்து உட்கார்ந்த வீரம்மா, மரியாதைக்கு ஒரு வார்த்தை, "எங்கக்கா போறீங்க?" என்று கேட்டிருந்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

லகாட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பெரிய துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவள் ரோசரி. துரை, துரைசானி, அவர்கள் மகள் டெய்சி மூவரும் அன்று காலைதான் பினாங்கில் கப்பல் பிடிக்க வடக்கே போகும் ரயிலில் ஏறினார்கள். அவர்களை அனுப்பிவைத்த கையோடு ரோசரி தெற்கே போகும் ரயிலில் ஏறிவிட்டாள். ஹுத்தான் மெலிந்தாங்கில் அவளுடைய அண்ணன் செபாஸ்டியன் இருந்தான். போய்ச் சேர வேறு இடம் இல்லை.

"என்னா பாக்குற? இதுவா? கோட்டு. கம்பளிக் கோட்டு. இந்த வேக்காட்டுல கோட்டு எதுக்குன்னுதான கேக்குற? கேளு, கேளு. என்னையும் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு! ஆமாங்குறேன்! சுவிசு தேசத்துக்கு! ஈப்போவுல சீனத் தையக்காரன் அளவெடுத்துத் தச்சான், தைக்கும்போதே சிரிக்கிறான் பாவி. நான் சும்மா இருந்தேனா? கோயில்ல சொல்லி, கூலிக்காரங்க லயத்துல சொல்லி, பாசார்ல மீன் விக்கிறவன் வரைக்கும் சொல்லியாச்சு. எங்க குசினிக்காரன் பிச்சைமுத்து இருக்கானே, அவனுக்கு வயித்தெரிச்சல். எனக்கு மட்டும் கொழம்புல உப்பப் போட மறந்துருவான். இப்ப அவன் முன்னால போயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன், சொல்லு.

"எங்க விட்டேன்... ஆங், பொஸ்தகம். சீமையிலேருந்து கட்டுக்கட்டா வந்துச்சு. எல்லாம் பனி ஊருங்க. எங்க போயித் தங்கலாம், எந்த ஊட்டுல சாப்பாடு நல்லாருக்கும், எந்த மலையில வழுக்கல் நல்லாருக்கும்னு படம் போட்டு. அதையெல்லாம் கழிச்சுக் கழிச்சு, கடைசியில ரெண்டு ஊரு நின்னுச்சு. பேரு என் வாயில நுழையாது. நானே பேரு வச்சுட்டேன். துரை புடிச்ச ஊரு மாட்டூரு. ஏன்னா படத்துல ஒரு மாடு நிக்கிது. மாட்டுக் கழுத்துல ஒரு மணி. மாட்டுக்குப் பின்னால ஒரு ஊடு, ஊட்டுக்குப் பின்னால மலை. அவ்வளவுதான் ஊரு! நல்லா வழுக்குமாம், ராவானா சீக்கிரம் வெளக்க அமத்திட்டுப் படுத்துருவாங்களாம். இதுக்கு எதுக்குய்யா கப்பலு? நம்ம எஸ்டேட்டுலயே மாட்டுக்கு மணி கட்டி வெளக்க அமத்துனா போதாதா?

"துரைசானி புடிச்சது வெளக்கூரு. அடேயப்பா! அது ஊரு! ராத்திரிதான் அங்க பகலு. அடுக்கு மாளிகை, சன்னலுக்கு சன்னல் லைட்டு. உள்ள பேண்டு வாத்தியம் அடிக்குது, ஜோடி ஜோடியா ஆடுறாங்க. பொம்ம மூஞ்சி மாட்டிக்கிட்டு ஆடுற ஆட்டம் வேற ஒண்ணு. யாரு பொண்டாட்டி யாருன்னு தெரியாம ஆடணுமாம், அதுல ஒரு கெட்டிக்காரத்தனமாம். வெளியில தண்ணி ஒறஞ்சு கெடக்கு, அது மேல சுத்தி வெளக்குக் கட்டி, அதுலயும் ஆட்டம். வெள்ளி முளைக்கிற வரைக்கும் ஓயாதாம்!

"காலையில சாப்பாட்டு மேசையப் பாக்கணுமே நீ. இந்தப் பக்கம் மாட்டூரு, அந்தப் பக்கம் வெளக்கூரு, நடுவுல முட்டை ஆறிப் போயிக் கெடக்கும். துரை சொல்லுவாரு, 'நான் பனிக்குத்தான் போறேன்.' துரைசானி சொல்லும், 'நீ பகல்ல பனிக்குப் போ, ராத்திரி நான் என்ன பண்றது? இந்தக் காட்டுல வருசக்கணக்கா ராத்திரியில தவளை கத்துறதக் கேட்டாச்சு. அங்கயும் வந்து மாட்டு மணி கேக்கணுமா?' எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு அவங்களுக்கு நெனப்பு. புள்ளைக்குச் சோறு ஊட்டி ஊட்டியே இங்கிலீசு வந்துரும்லா. அந்தப் புள்ளைக்குத்தான் அது சரியா வரல. டெய்சி பேசுனா தமிழுதான். துரைசானி எதையாவது கேட்டா என்னயத் திரும்பிப் பாக்கும், 'அம்மா என்னா சொல்லுது ஆயா?'ன்னு.

"எனக்கு எந்த ஊரா? கேக்குற பாரு கேள்வி. வெளக்கூருதான்! ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? பதினாறு வயசுல பங்களாவுக்குள்ள வந்தேன். அன்னையிலேருந்து எனக்கு ராத்திரின்னா என்னா? அடுத்தவ பெத்த புள்ளைக்கு விசிறுறது. ஈப்போவுல பங்சாவான் கூத்து வந்தா ஊரே போவும், நான் தொட்டில ஆட்டுவேன். ஒரே ஒரு தடவ போனேன், தங்கச்சி. ராசா வேசம் கட்டுனவன் வாள உருவுறான், யார வெட்டப் போறான்னு நான் பாக்குறேன், டிரைவர் வந்து நிக்கிறான். 'புள்ளைக்கு காய்ச்சல், துரைசானி கூப்புடுது.' எந்திரிச்சு வந்துட்டேன். அவன் யார வெட்டுனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்ப இருந்த துரைமாரோட புள்ளைங்கள்ளாம் இப்ப சீமையில மீசை வச்சுத் திரியும். கடுதாசி போட்டானா ஒருத்தன்?

"அந்தா! அந்தா பாரு! எழுந்திரிச்சுப் பாரு, கோழி எங்கயும் போயிராது!"

லகாட் தாண்டிக்கொண்டிருந்தது. ஈயம் எடுத்துத் தீர்ந்த குட்டைகளுக்கு நடுவில், கழுவிக் கொட்டிய மணல் குன்று குன்றாக வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது பனி என்றே படும். ரோசரி சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இருப்பதில் உயரமான மேட்டைக் காட்டினாள்.

"அதுதான். அது மேலதான் எங்க துரை பனிப் பழக்கம் பழகுனாரு! சிரிக்காத, நான் சொல்றது சத்தியம். லகாட்டுல சீனத் தச்சன்கிட்டப் பலகை செய்யச் சொன்னாரு. நீளத்தச் சொன்னதும் தச்சன் தொப்பியக் கழட்டிட்டான். 'எந்தத் துவான் செத்துட்டாரு?'ன்னு கேக்குறான்! சவப்பெட்டிக்குன்னு நெனச்சுட்டான்லா.

"ஞாயித்துக்கிழமையானா பூசைக்குப் போவேண்டியவ நான், இந்த மணல்ல கொடையப் புடிச்சுக்கிட்டு டெய்சியோட நிக்கிறேன். துரை வாராரு பாரு... கம்பளிச் சட்டை, கம்பளித் தொப்பி, கையில கம்பளி உறை! பனியில போட வேண்டியத இப்பவே போட்டுப் பழகணுமாம். பேராக்கு வெயில்ல! வேர்வை ஊத்தி மூஞ்சி வேகவச்ச எறா மாதிரி ஆயிருச்சு. பலகையத் தூக்கிக்கிட்டு மேல ஏறுறது யாரு? கங்காணி சன்னாசி. லயத்துல அந்த ஆளு போடுற அதட்டலுக்குக் கொழந்தைங்க அழுவும். இங்க வந்தா ரெண்டு பலகையையும் தோள்ல போட்டுக்கிட்டு, சிலுவை சொமக்குற மாதிரி தள்ளாடிக்கிட்டு ஏறுறாரு. ஆண்டவரு மன்னிக்கணும், எனக்கு அப்புடித்தான் தோணுச்சு.

"மொதல்ல விழுந்தாரு. அப்புறமும் விழுந்தாரு. ஆனா பொல்லாத ஆளு, விட மாட்டாரு. கொஞ்சங் கொஞ்சமா நிக்க வந்துருச்சு. பலகைக்கு அடியில மெழுகு தேச்சா மணல்ல வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு கண்டுபுடிச்சாரு. பாதி மேடு வரைக்கும் நின்னுக்கிட்டே எறங்குறாரு! எனக்குத் திக்குன்னுச்சு.

"ஏன் திக்குன்னுச்சுன்னா கேக்குற? பந்தயம் கட்டிட்டாங்கல்ல! துரைசானி சொல்லிருச்சு, 'உச்சியிலேருந்து அடிவாரம் வரைக்கும் விழாம வந்து நில்லு, உன் மாட்டூருக்கே போவோம். விழுந்தியோ, வெளக்கூரு. அப்புறம் நீ பேசக் கூடாது.' துரையும் சரின்னு கையக் குடுத்துட்டாரு. பக்கத்து எஸ்டேட் துரைமாருங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாச்சு. மணல்ல கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, பிச்சைமுத்து கோழி பொரிச்சு... ஒரு திருநாளுதான் போ.

"வந்தாரு உச்சிக்கு. எல்லாம் அண்ணாந்து பாக்குறாங்க. கையத் தூக்கிக் காட்டுனாரு. வுட்டாரு பாரு... சர்ருன்னு! வந்தாரு, வந்தாரு, பாதி மேடு தாண்டி வந்தாரு... வலது காலு மட்டும் வருது, தங்கச்சி! இடது காலு வரல! வலது பலகை கெளம்பி ஹுத்தான் மெலிந்தாங்குக்கே போயிரும் போல போவுது, இடது பலகை 'நான் இங்கயே இருந்துக்கிறேன்'னு மணலப் புடிச்சுக்கிச்சு. மனுசன் நடுவுல கெடந்து, பம்பரம் பாத்திருக்கியா, அப்புடி ஒரு சுத்து! தொப்பி ஒரு பக்கம், கையில புடிச்ச கம்பு ஒரு பக்கம். அப்புடியே உருண்டு வந்து கோழி வச்சிருந்த மேசையில மோதி, தலையில ஒரு தொடைக்கறியோட எந்திரிக்கிறாரு! எந்திரிக்க எங்க? முட்டி பெசகிப் போச்சு. துரைசானி கை தட்டுது. புருசன் காலு போச்சேன்னு இல்ல, ஊரு கெடச்சிருச்சேன்னு!"

வீரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மடியில் கோழி கூடையோடு குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோசரியிடம் குனிந்து என்னவோ கேட்டாள்.

"எப்புடியா? என்னா எப்புடி? மணலு... அது ஈர மணலு. ஈரத்துல ஒட்டிக்கிட்டுருக்கும். ஏன், ஒத்தக் காலு மட்டும் ஈரத்துல போவக் கூடாதா? ...அப்புடிப் பாக்காத. நீ என்னா வேலைன்னு சொன்ன? கித்தா மரம் வெட்டா? அதான! பால் வெட்டுறவகிட்ட மறைக்க முடியுமா. கொஞ்சம் குரலத் தாழ்த்து, பின்னால எஸ்டேட்டு ஆபீசுக் கிராணி ஒருத்தன் உக்காந்துருக்கான்.

"ஒரு மங்குதான், தங்கச்சி. ஒரே ஒரு மங்கு கித்தாப் பாலு. பலகைய வெளியில சாத்தி வச்சு, 'ஆயா, மெழுகு தேச்சு வை'ன்னு துரை சொல்லிட்டுப் போனாரு. வலது பலகைக்கு நல்லாத்தான் தேச்சேன். சிலுவையத் தொட்டுச் சொல்றேன், நல்லாவே தேச்சேன். இடது பலகைய எடுக்கையில, பங்களாவுக்குப் பின்னால கித்தா மரத்துல கட்டுன மங்குல பாலு நெறஞ்சு நிக்கிது. என் கண்ணு அதுல போவுது. கண்ணு போனா கை போவாதா? வாள உருவுன ராசாவ நெனச்சேன். தடவிட்டேன். கால ஒடிக்கணும்னா நெனச்சேன்? சும்மா தொப்புன்னு மணல்ல உக்காருவாருன்னு நெனச்சேன்லா! மணல்ல விழுந்தா யாருக்காவது வலிக்குமா?

"சரி, ஜெயிச்சாச்சு. வெளக்கூரு! நான் கோட்டப் போட்டுப் பாக்குறேன், கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாக்குறேன். துரைசானி வெளக்கூருக்குத் தந்தி குடுத்துச்சு. பதிலும் வந்துச்சு. என்னான்னு? எடம் இருக்குதாம், வாங்கங்குறான். ஆனா சின்னப் புள்ளைங்களுக்கு அங்க எடமில்லையாம்! விடிய விடிய ஆடுற ஊட்டுல புள்ளை அழுதா ஆட்டம் கெட்டுப் போவும்ல. புள்ளைக்கு எடமில்லைன்னா, ஆயாவுக்கு?

"துரைசானி அழுதுச்சான்னு கேக்குறியா? ஒரு சொட்டுக் கண்ணீர் வரல! 'டெய்சி லண்டன்ல அத்தை ஊட்டுல இருக்கட்டும். அத்தை ஒரு வெள்ளைக்காரி நர்சு வச்சிருக்கா. புள்ளை இனியாவது இங்கிலீசு பேசிப் பழகணும்.' சொல்லிட்டு என்னயப் பாத்து, 'ஆயா, அந்தக் கோட்ட நீயே வச்சுக்க'ங்குது. நானே வச்சுக்கணுமாம்! ஹுத்தான் மெலிந்தாங்குல போட்டுக்கிட்டு மீன் வாங்கப் போவவா?

"இப்ப கணக்குப் பாரு. துரை தடி ஊணி நடக்குறாரு. பனிக்குப் போயி என்னா பண்ணுவாரு? சன்னலோரமா நாற்காலி போட்டு, எவனோ பொம்ம மூஞ்சி போட்டவன் தன் பொண்டாட்டியக் கட்டிப் புடிச்சு ஆடுறதப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாரு. பலகையையும் கூட எடுத்துட்டுப் போறாங்க! எதுக்குன்னுதான் தெரியல. யாரு கெட்டா இதுல, சொல்லு. புள்ளை கெட்டுச்சு, துரை கெட்டாரு, நான் கெட்டேன். எல்லாம் அந்தத் துரைசானியால வந்தது!"

ரயில் வேகம் குறைந்தது. பத்து காஜா ஸ்டேஷன் வரப்போகிறது. பெட்டிக்குள் மூட்டைகளை இழுக்கும் சத்தமும், பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தமும் எழுந்தன. ரோசரி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே ஓடும் புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"துரைக்குத் தெரிஞ்சிருக்கு, தங்கச்சி. இன்னைக்குக் காலையில ஸ்டேஷன்ல, துரைசானி சாமான் ஏத்துறவன்கிட்டக் கத்திக்கிட்டு இருக்கையில, தடிய ஊணிக்கிட்டு மெதுவா என்கிட்ட வந்தாரு. அவரு தமிழு தெரியும்ல உனக்கு, எல்லாத் துரையும் வார்த்தைக்கு வார்த்தை 'ஆன்' போட்டு ஒரே மாதிரிதான் பேசுவான். 'ஆயா, நான் தோட்டக்காரன். பலகையில பால் வாசம் எனக்குத் தெரியாதான்?'னு கேட்டாரு. போலீசுன்னு நெனச்சேன். இல்ல. 'அந்தச் சின்ன ஊரு நான் ஏன் கேட்டான்? பனி எல்லா ஊர்லயும் பனிதான். அந்த ஊர்ல மட்டும்தான் டெய்சிக்கு ரூம் இருந்தான். பக்கத்துல ஆயாவுக்கு ரூம் இருந்தான். பொஸ்தகத்துல பின்பக்கம் படத்தோட எழுதிருந்தான். நீ பாக்கலையான்?'

"நான் எங்க பின்பக்கம் திருப்புனேன்? மாட்டப் பாத்ததுமே மூடி வச்சுட்டேன்.

"அவரு வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? மேசையில ஒரு வார்த்தை! 'புள்ளைக்காகத்தான் கேக்குறேன்'னு! சொன்னா துரைசானி சிரிக்கும், கிளப்புல போயிச் சொல்லும். அதுக்குப் பயந்துகிட்டு பனி, வழுக்கல், பலகைன்னு... இவ்வளவு பெரிய எஸ்டேட்ட அதட்டுற மனுசனுக்கு ஒரு பொம்பளைகிட்ட வாய் வரல. நானும் அந்த வாய நம்பிட்டேன்.

"புள்ளை அழுவல. அதுதான் தாங்க முடியல. நானும் கூட வாரேன்னுதான் அது நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு. யாருமே அதுகிட்டச் சொல்லல. சொல்றது யாரு வேலைன்னு ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாத்தாங்க. ரயிலு நகருது. அது சன்னல்ல தலைய நீட்டி, சிரிச்சுக்கிட்டே கூப்புடுது. 'ஏறு ஆயா! சீக்கிரம் ஏறு! ரயிலு போவுது பாரு!'ங்குது. நான் மெதுவா வாரேன்னு அதுக்குக் கோவம். 'எப்பவும் நீ இப்புடித்தான் ஆயா, ஓடி வா!'ங்குது... நான் ஓடுனேன், தங்கச்சி. ஏறப் போறவ மாதிரியே பக்கத்துல ஓடுனேன். அது கை தட்டுச்சு. பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஓடுனேன்..."

ஒரு 'உச்' சத்தம்கூட வரவில்லை. ரோசரி திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பலகை காலியாக இருந்தது. ரயில் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

எட்டி வெளியே பார்த்தாள். வீரம்மா கோழிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, கூட்டிப்போக வந்திருந்த புருசன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை முன்னால் நீட்டி, மற்றக் காலைப் பின்னால் இழுத்து, இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். புருசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் பெட்டி தூக்குகிறவனும் நின்று சிரித்தான்.

ரயில் ஊதியது. ரோசரி பாதி உடம்பை வெளியே நீட்டி, பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"தங்கச்சி! இன்னும் முடியல! அதுக்கப்புறந்தான் இருக்கு!"

ரயில் சத்தத்தில் கீழே நின்றவர்களுக்கு அவள் வாயசைவு மட்டுந்தான் தெரிந்தது. போய் வருகிறேன் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, சிரிப்பு அடங்காமலே வீரம்மா கையை ஆட்டினாள்.